கோட்டையைத் தாண்டும் கச்சேரி

மேடையை மாற்றிப் பார்க்கிறார்கள். நேரத்தைக் குறைத்துப் பார்க்கிறார்கள். கிடாரையும் டிரம்ஸையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். சாஸ்திரிய சங்கீதத்துக்குப் புதிய ரசிகர்கள் கிடைத்தார்களா? திருவனந்தபுரம் நகரத்தின் இரு முனைகளிலிருந்து இரண்டு விதமான பதில்கள் வருகின்றன.

மாலை 6 மணி. கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் வாசல்களிலிருந்து வெளியேறும் கூட்டம் பஸ்ஸுக்கும் பைக்குக்குமாகப் பிரிகிறது. 2022ல் திறக்கப்பட்ட மேம்பாலத்தில் கார்கள் விரைகின்றன. அதே 6 மணிக்கு, சுமார் 15 கி.மீ. தெற்கே, பத்மநாப சுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் தம்புரா மீட்டத் தொடங்கியிருப்பார்கள். நவராத்திரியின் ஒன்பது நாட்களும் அங்கே கச்சேரி சரியாக ஆறு மணிக்கு ஆரம்பம், எட்டரைக்கு முடிவு. யாருக்காகவும் ஐந்து நிமிடம் கூட முன்னே பின்னே ஆகாது. கழக்கூட்டத்து இன்ஜினியர் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, நெரிசலைத் தாண்டி, கிழக்கே கோட்டையில் வண்டியை நிறுத்த இடம் தேடி, வேட்டிக்கு மாறி உள்ளே நுழைவதற்குள் ராக ஆலாபனை முடிந்து, பாட்டும் பாதி கடந்திருக்கும்.

இந்தத் தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளந்துவிட முடியாது. கோட்டைப் பகுதி ஸ்வாதித் திருநாளின் ஊர். 1813 முதல் 1846 வரை வாழ்ந்த அந்த மன்னர் சமஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், ஹிந்துஸ்தானி என்று பல மொழிகளில் பாட்டுகள் எழுதினார். அவர் பெயரால் இன்று விளங்கும் இசைக் கல்லூரி 1939ல் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அடுத்து வந்தவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். கரமனை அக்ரஹாரத்தில் நீலகண்ட சிவன் பாடினார். அதைக் கேட்டு வளர்ந்தவர் பாபநாசம் சிவன். கழக்கூட்டத்துக்கோ இப்படிப்பட்ட பழைய கதை எதுவும் இல்லை. 1990ல் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாக டெக்னோபார்க் உருவான பிறகுதான் அந்தப் பெயர் வெளியூர்களில் பரவியது. இன்று அங்கே 60,000க்கும் அதிகமானோர் வேலை பார்க்கிறார்கள். கேரளத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், நாகர்கோவில், திருநெல்வேலி, சென்னையிலிருந்தும் வந்தவர்கள். சம்பளம் உண்டு, ரசனை உண்டு, காதில் எந்நேரமும் ஹெட்போனும் உண்டு. கச்சேரிக்கு மட்டும் வருவதில்லை.

இது திருவனந்தபுரத்துக்கு மட்டும் உரிய கவலை அல்ல. சென்னை மயிலாப்பூர், பெங்களூர் மல்லேஸ்வரம், மும்பை மாட்டுங்கா, டில்லி கரோல்பாக் என்று தமிழர்கள் சபா நடத்தும் எந்த ஊரிலும் முன்வரிசைத் தலைகள் நரைத்திருக்கின்றன. அவர்களுக்குப் பிறகு அந்த நாற்காலிகளில் யார் உட்காருவார்கள் என்ற கேள்விதான் மாற்றுக் கச்சேரிகள் அனைத்துக்கும் பின்னால் இருக்கிறது.

முதலில், எதையும் மாற்ற மறுக்கும் இடத்தைப் பார்க்கலாம். நவராத்திரி மண்டபத்தில் கைதட்டல் கிடையாது. பொன்னாடை கிடையாது. தலைமையுரை, நன்றியுரை கிடையாது. பாட வருகிறவர் தனக்குப் பிடித்ததைப் பாடிவிட முடியாது: ஸ்வாதித் திருநாள் இயற்றிய ஒன்பது நவராத்திரிக் கிருதிகளில் அன்றைக்கு உரியது எதுவோ அதுதான் பிரதானம். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, மூன்றாம் நாள் சாவேரி என்று ராகங்களும் முன்கூட்டியே முடிவானவை. எதிரொலி வராமல் நாதம் பரவுவதற்காக மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்ட கூடம் அது. பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாகக் கொண்டுவரப்படும் சரஸ்வதியின் முன்னிலையில் கச்சேரி நடக்கிறது. பாடகர் பாடுவது அவளுக்காக, கேட்பவர்கள் உடனிருப்பவர்கள் மட்டுமே.

ரசிகருக்கு இப்படி எந்தச் சலுகையும் காட்டாத ஒரு கச்சேரிக்கு ஆளே வரக்கூடாது. ஆனால் வருகிறார்கள். இன்றைய விளம்பர உலகம் ‘அனுபவம்’ என்று எதை விலை போட்டு விற்கிறதோ, அது இங்கே இலவசமாகவே இருக்கிறது: தனியான ஓர் இடம், மங்கிய வெளிச்சம், இடையூறே இல்லாத இரண்டரை மணி நேரம். சபாவில் பாதிக் கச்சேரியில் செயலாளர் மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் பேசுவதைச் சகித்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அதே கண்டிப்புக்கு இன்னொரு முகமும் இருந்தது. ஸ்வாதித் திருநாள் காலத்திலிருந்து தொடர்ந்து வந்த அந்த மேடையில் ஒரு பெண் கூடப் பாடியதில்லை. 2006ல்தான் அந்தத் தடை விலகியது. அன்று பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். 1924ல் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் இசைக் கல்லூரி தொடங்கியபோது சேர்ந்த முதல் மாணவி. திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் தலைவராகவும் இருந்தவர். இத்தனை தகுதிகள் இருந்தும், தான் பாடிப் பாடி மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுத்த கிருதிகளை அவற்றுக்கென்றே அமைந்த மண்டபத்தில் பாட அவர் 80 வயதைத் தாண்டக் காத்திருக்க வேண்டியிருந்தது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த பாடகர் ராம வர்மாவின் முயற்சி அதற்குப் பின்னால் இருந்தது. பொன்னம்மாளுக்கு 2017ல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2021ல் காலமானார்.

பொன்னம்மாள் பாடியபோது கிருதி மாறவில்லை, ராகம் மாறவில்லை, ஆறு மணியும் எட்டரை மணியும் மாறவில்லை. கதவு மட்டும் திறந்தது. அவருக்குப் பிறகு மற்ற பாடகிகளுக்கும் அங்கே வழி பிறந்தது. புதிய ரசிகரைத் தேடும் எல்லாரும் கவனிக்க வேண்டிய பாடம் இது. எதை மாற்றுவது என்று யோசிக்கும் முன்பு, யார் வெளியே நிற்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது.

கச்சேரியின் அமைப்பை மாற்றினாலே சம்பிரதாயம் கெட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்கள் சரித்திரத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம். இன்று ‘சம்பிரதாயக் கச்சேரி’ என்று சொல்லப்படுவதே ஒரு காலத்தில் புதுமை. வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சில கிருதிகள், ஒரு பெரிய ராகம், தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள் என்ற பந்தி முறையை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967). அரண்மனையிலும் கோயிலிலும் இருந்த சங்கீதம் நகரத்துச் சபாவுக்கு இடம் பெயர்ந்த காலம் அது. டிக்கெட் வாங்கி வந்தவர், மறுநாள் ஆபீஸ் போக வேண்டியவர், ஒரே பல்லவியை மணிக்கணக்காகக் கேட்கப் பொறுமை இல்லாதவர்: இவர்தான் அன்றைய ‘புதிய ரசிகர்’. அவருக்காக அரியக்குடி பாட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டினார், நீளத்தைக் குறைத்தார். 1928ல் சென்னை மியூசிக் அகாடமி பிறந்தது. மைக் வந்தது, வானொலி வந்தது. ஒவ்வொரு முறையும் முணுமுணுப்பு எழுந்தது. ஒவ்வொரு முறையும் கூட்டமும் பெருகியது.

மேற்கத்திய நாடுகளிலும் இதே கதைதான். லண்டனில் 1895ல் ஹென்றி வுட் நடத்த ஆரம்பித்த ‘புரொமனேட்’ கச்சேரிகளில் மலிவு விலை டிக்கெட் வாங்கியவர்கள் நின்றுகொண்டும் நடந்துகொண்டும், தின்றுகொண்டும் குடித்துக்கொண்டும் கூட இசை கேட்டார்கள். ஒரு நூற்றாண்டைத் தாண்டிய பிறகும் பி.பி.சி.யின் பெயரில் அது நடக்கிறது, நின்று கேட்கும் மலிவு டிக்கெட் இன்னும் உண்டு. அதே நகரத்தின் ஓர் இசைக்குழு 2006 முதல் இரவு நேரக் குறுங்கச்சேரிகளை நடத்துகிறது. மேடையிலிருந்து பேசுவார்கள், கேட்பவர்கள் கையில் கோப்பையோடு உட்கார்ந்திருக்கலாம். இரண்டிலும் வாசிக்கப்படும் சங்கீதத்தில் சமரசம் இல்லை. மிரட்டும் சடங்குகளைத்தான் விலக்கினார்கள்.

கேரளத்தில் அந்தச் சடங்குகளை முதலில் விலக்கியது சினிமா. 1980ல் வந்த தெலுங்குப் படமான ‘சங்கராபரணம்’ மொழி தெரியாத ஊர்களிலும் ஓடியது. பிறகு மலையாளத்தில் ‘ஹிஸ் ஹைனஸ் அப்துல்லா’ (1990), ‘பரதம்’ (1991), ‘சர்கம்’ (1992) என்று சங்கீதத்தையே கதையாகக் கொண்ட படங்கள் வரிசையாக வெற்றி பெற்றன. ரவீந்திரன் மாஸ்டரின் மெட்டுகள் டீக்கடை ரேடியோக்களில் ராகங்களைக் கொண்டு சேர்த்தன. யேசுதாஸின் கச்சேரிக்கு சினிமாப் பாட்டை எதிர்பார்த்து வந்தவர் தியாகராஜரையும் கேட்டுவிட்டுப் போனார். இன்று கழக்கூட்டத்தில் வேலை செய்யும் தலைமுறை அந்தப் படங்களை டி.வி.யில் பார்த்து வளர்ந்தது. ஹம்சத்வனியோ ஆபேரியோ அவர்கள் காதுக்குப் புதிதல்ல. பெயர்தான் தெரியாது.

இந்தக் காதுகளைச் சரியாகப் புரிந்துகொண்ட உள்ளூர்க்காரர் பாலபாஸ்கர். 1978ல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். தாய்மாமன் பி. சசிகுமாரிடம் முறையாக வயலின் கற்றார். யூனிவர்சிட்டி காலேஜில் படிக்கும்போதே நண்பர்களோடு இசைக்குழு அமைத்தார். பதின்ம வயதிலேயே மலையாள சினிமாவுக்கு இசையமைத்தார். வயலின் என்றால் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசிப்பது என்றிருந்த ஊரில், அவர் எழுந்து நின்று, மேடை முழுக்க நடந்து, சிரித்துக்கொண்டே வாசித்தார். சினிமா மெட்டில் ஆரம்பித்து ராகத்துக்குள் நுழைந்து, சுரங்களைக் கொட்டிவிட்டு, மறுபடி மெட்டுக்குத் திரும்புவார். கல்லூரி விழாக்களில் மாணவர்கள் ஆர்ப்பரித்தார்கள். அதே பாலபாஸ்கர் சம்மணமிட்டு அமர்ந்து முழுக் கர்நாடகக் கச்சேரியும் செய்வார். இரண்டு மேடைகளுக்கும் நடுவில் ஒரு பாலமாக இருந்தார். 2018 செப்டம்பரில் கழக்கூட்டத்தை அடுத்த பள்ளிப்புரத்தில் நடந்த கார் விபத்தில் அவருடைய சிறு மகள் இறந்தாள். அக்டோபர் 2 அன்று அவரும் இறந்தார். வயது 40. அஞ்சலி செலுத்தத் திரண்ட கூட்டத்தில் இளைஞர்கள் ஏராளம்.

பாலபாஸ்கர் வித்வானாக இருந்து இளைஞர்களிடம் போனார். எதிர்த்திசையிலிருந்து வந்தது பெங்களூரின் ‘அகம்’ குழு. பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். கம்ப்யூட்டர் நிறுவனங்களில் வேலை பார்த்துக்கொண்டே பாடியவர். 2007ல் தமிழ் டி.வி. போட்டி ஒன்றில் ஜெயித்து வெளிச்சத்துக்கு வந்த அந்தக் குழு, கிடாரும் டிரம்ஸும் முழங்க கீர்த்தனைகளைப் பாடியது. 2012ல் வெளியான அவர்களது முதல் ஆல்பத்தில் ஸ்வாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானாவும் இடம்பெற்றது. கோட்டைக்குள் பிறந்த பாட்டு, பெங்களூர் போய், ராக் இசையாகி, கழக்கூட்டத்து ஹெட்போனுக்குத் திரும்பி வந்தது. மேடையில் பாடுகிறவரும் கீழே ஆடுகிறவரும் ஒரே மாதிரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் என்பதே பாதி வெற்றி. ‘இது நம்மைப் போன்றவர்களின் சங்கீதம்’ என்ற எண்ணத்தை எந்தச் சபாவும் அவர்களுக்குத் தந்ததில்லை.

பண்டிதர்களின் ஆட்சேபமும் நியாயமில்லாததல்ல. தாளம் உரத்துவிட்டால் கமகம் காதில் விழாது. நான்கு நிமிடத்தில் ராகம் தன் முகத்தைக் காட்டலாம், மனத்தைத் திறந்து காட்டாது. தில்லானாவுக்குத் துள்ளுகிறவர் தோடி ஆலாபனைக்கு உட்காருவாரா? பலர் மாட்டார்கள். பாண்டு ரசிகர் பாண்டு ரசிகராகவே இருந்துவிடுவதில் தப்பும் இல்லை. ஆனால் அவரைக் கணக்கில் காட்டி, சாஸ்திரிய சங்கீதத்துக்கு ஆள் சேர்ந்துவிட்டது என்று மகிழ்வது ஏமாற்று.

சங்கீதத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஆள் சேர்க்க முடியும் என்பதற்குக் கோட்டைக்குள்ளேயே உதாரணம் இருக்கிறது. ஸ்வாதித் திருநாள் கட்டிய குதிரை மாளிகை, கூரையைத் தாங்கி நிற்கும் 122 மரக் குதிரைகளால் பெயர் பெற்றது. அதன் முற்றத்தில் ஆண்டுதோறும் ஜனவரியில் ஸ்வாதி சங்கீதோத்சவம் நடத்துவது வழக்கம். பாடுவது அனைத்தும் ஸ்வாதியின் உருப்படிகள். ஆனால் அனுமதி இலவசம், யாரும் வரலாம். ஆலயக் கட்டுப்பாடுகள் இல்லாத திறந்தவெளி. விழாவை முன்னின்று நடத்தும் ராம வர்மா, தன் சொந்தக் கச்சேரிகளில் பாட்டுக்குப் பாட்டு நடுவே பேசுகிறவர்: இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இந்த ராகத்தை எந்த சினிமாப் பாட்டில் கேட்டிருப்பீர்கள் என்று வேடிக்கையாகச் சொல்வார். பட்டறைகளில் கூட்டத்தையே சேர்ந்து பாட வைப்பார். அந்த வீடியோக்கள் இன்டர்நெட்டில் பரவி, திருவனந்தபுரத்தைப் பார்த்தே இராதவர்களும் கேட்கிறார்கள். இதில் கிடாருக்கு வேலையில்லை. புரியாததைப் புரியவைத்தால் போதும் என்ற நம்பிக்கைதான்.

அதே நம்பிக்கையில் தேசம் முழுவதும் வேலை செய்தது ஸ்பிக் மேகே. டில்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் கிரண் சேத் 1977ல் தொடங்கிய இயக்கம் அது. பெரிய பெரிய உஸ்தாத்களையும் வித்வான்களையும் பள்ளி, கல்லூரி வகுப்பறைகளுக்கே கூட்டிப்போய், தரையில் உட்கார்ந்த மாணவர்களுக்கு நாலு அடி தூரத்தில் பாட வைத்தது. டிக்கெட் இல்லை, பெரிய மேடை இல்லை. 2022ல், 70 வயதைத் தாண்டிய கிரண் சேத், இயக்கத்துக்கு ஆள் திரட்ட ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிளில் கிளம்பினார்.

சென்னையில் கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. 2008ல் டி.எம். கிருஷ்ணா, பாம்பே ஜெயஸ்ரீ இருவரின் கச்சேரியை ‘மார்கழி ராகம்’ என்ற திரைப்படமாக்கித் தியேட்டரில் காட்டினார்கள். அதே ஆண்டு மாணவர்களுக்காக ‘ஸ்வானுபவா’ விழா பிறந்தது. பிறகு கிருஷ்ணா கேள்வியையே மாற்றினார்: புதியவர்கள் சபாவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்பதை விட, சபா ஏன் அவர்களிடம் போகவில்லை என்று கேட்டார். 2015ல் பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குப்பத்தில் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா தொடங்கியது. கர்நாடக சங்கீதமும் பறையும் கூத்தும் ஒரே மேடையில் ஏறின. 2017ல் மாநகரப் பேருந்துக்குள்ளேயே கச்சேரி நடந்தது. குப்பத்து மக்கள் இதைக் கேட்டார்களா, அவர்கள் மேல் இது சுமத்தப்படுகிறதா என்று விமர்சனம் வந்தது. ஆனால் சபாவின் வாசலில் எழுதாமல் விட்டிருந்த ஜாதி, வர்க்க விதிகளை எல்லோரும் உரக்கப் பேசும்படி செய்தது அந்த விழாதான்.

2020 டிசம்பரில் கொரோனாவால் சபாக்கள் மூடியபோது கச்சேரிகள் இன்டர்நெட்டுக்கு மாறின. ஸ்ரீரங்கத்துப் பாட்டியும் சிகாகோ பேரனும் ஒரே நேரத்தில் ஒரே கச்சேரியைக் கேட்டார்கள். டிராபிக் இல்லை, பார்க்கிங் இல்லை, ஆறு மணிக் கெடுபிடி இல்லை. கழக்கூட்டத்து இன்ஜினியருக்கு மிகவும் வசதியான ஏற்பாடு. ஆனால் அருகில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடும் மாமாவும், ஒரு சங்கதிக்குக் கூடமே ‘ஆஹா’ என்று மூச்சு விடும் அந்தக் கணமும் திரையில் கிடைக்கவில்லை. புதியவர் ரசிக்கக் கற்றுக்கொள்வது பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துத்தான்.

இலவசம் என்பதற்கும் ஒரு விலை உண்டு. புதியவரை அழைக்க வாசலைத் திறந்துவைத்தால் பக்கவாத்தியக்காரருக்கு யார் பணம் தருவது? இளம் வித்வான்களுக்குப் பல மேடைகளில் கிடைப்பது போக்குவரத்துச் செலவுக்கே சரியாக இருக்கிறது. கல்லூரி விழாவுக்கும் பாண்டுக்கும் லட்சங்களைச் செலவிடும் நிறுவனங்கள், ஒரு தம்புரா, ஒரு வயலின், ஒரு மிருதங்கத்துக்கு யோசிக்கின்றன. மாற்றுக் கச்சேரி நிலைக்க வேண்டுமானால் மைக் வாடகையோடு மிருதங்கக்காரரின் சன்மானத்தையும் கணக்கில் எழுத வேண்டும்.

கழக்கூட்டத்திலேயே இதற்குச் சின்ன முன்மாதிரி இருக்கிறது. கின்ஃப்ரா பூங்காவில் மந்திரவாதி கோபிநாத் முதுகாடு 2014ல் தொடங்கிய மேஜிக் பிளானட் வளாகத்தில், 2019 முதல் டிஃபரன்ட் ஆர்ட் சென்டர் இயங்குகிறது. மனவளர்ச்சிச் சவால்கள் கொண்ட பிள்ளைகள் அங்கே பார்வையாளர்கள் முன்னால் பாடுகிறார்கள், வாத்தியம் வாசிக்கிறார்கள், வித்தை காட்டுகிறார்கள். மேஜிக் பார்க்க வந்த குடும்பங்கள் பாட்டுக்கு முன்னாலும் உட்காருகின்றன. சாஸ்திரிய இசைக்கென்று ஏற்பட்ட இடம் அல்ல அது. ஆனாலும், ஏற்கனவே ஜனங்கள் வருகிற இடத்தில், வருகிற நேரத்தில், பாட்டை வைத்தால் கேட்பார்கள் என்பதை அது காட்டுகிறது. டெக்னோபார்க்கில் இரவு எட்டு மணிக்கு, ஒன்றேகால் மணி நேரத்துக்கு, ஒரு ராகத்தை முழுமையாகப் பாடி, இரண்டு வார்த்தை விளக்கமும் சொன்னால் போதும். அரியக்குடி இருந்திருந்தால் அதற்கு மறுப்புச் சொல்லியிருப்பார் என்று தோன்றவில்லை.

கேட்க ஆள் வருமா என்ற சந்தேகம் உள்ளவர்கள் கேரளப் பள்ளிக் கலோத்சவத்தை நினைத்துக்கொள்ளலாம். 1957ல் தொடங்கிய அந்த விழா 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்தது. சாஸ்திரிய சங்கீதம், வீணை, வயலின், மிருதங்கம் என்று ஒவ்வொன்றிலும் போட்டி. மாவட்டங்கள் தோறும் சிறுவர் சிறுமியர் மாதக்கணக்கில் சாதகம் செய்து வருகிறார்கள். மேடைக்கு வராமல் வீட்டிலும் பாட்டு டீச்சரிடமும் சரளி வரிசை கற்றுக்கொண்டவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. பிளஸ் டூ வந்ததும் டியூஷன், அப்புறம் இன்ஜினியரிங், அப்புறம் வேலை. சுருதிப் பெட்டி பரணுக்குப் போகிறது.

அவர்களில் எத்தனையோ பேர் வேலை தேடி வந்து சேர்ந்திருக்கும் ஊர்களில் ஒன்றுதான் கழக்கூட்டம். சபாக்கள் எங்கெங்கோ தேடிக்கொண்டிருக்கும் ‘புதிய ரசிகர்’ பல சமயம் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடிப் பாதியில் நிறுத்திய பழைய மாணவர்தான். அவருக்கு விட்ட இடத்திலிருந்து தொடர ஒரு மாலை நேரமும், எட்டும் தூரத்தில் ஓர் இடமும் வேண்டும்.